மருதாணி நாட்டு பிரசிடெண்டும் நானும்

என்ன சார், அறந்தாங்கியில ஏறுனதுலேர்ந்து என் மூஞ்சியவே பாக்குறீங்க? எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? சந்தேகமே வேணாம். அந்த வீடியோவுல வந்தது நான்தான். பாதித் திரையில அந்த வெள்ளக்காரம்மா கையாட்டிக்கிட்டு நிக்கும், மீதித் திரையில வெள்ளச் சட்டை போட்டு ஒரு ஆளு பேசிக்கிட்டு இருப்பாரு பாருங்க, அந்த ஆளுதான். பேரு அடைக்கலம். புளியங்கண்மாய் ஊராட்சி. சிரிங்க சார், பரவாயில்ல. எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு, நீங்க ஒருத்தர் பாக்கி இருந்தா நல்லாருக்காது.

ஆனா நடந்தது என்னன்னு யாரும் கேக்கல. அதான் எனக்கு வருத்தம். திருச்சி போறவரைக்கும் நேரம் கிடக்கு, நீங்களாச்சும் கேளுங்க.

நான் ரெண்டு தடவை பிரசிடெண்டா இருந்தவன் சார். பத்து வருசம். ஊராட்சித் தலைவர்னு போர்டுல எழுதியிருக்கும், ஆனா எங்க பக்கம் யாரு அப்படிக் கூப்பிடுவா? பிரசிடெண்டுதான். பச்சப் புள்ளைகூட பிரசிடெண்டுன்னுதான் கூப்பிடும். மூணாவது தடவை நிக்கலாம்னு போஸ்டர்கூட யோசிச்சு வச்சிருந்தேன், எங்க ஊரப் பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாய்ங்க. சரி, என்ன பண்றது, வீட்டுல மீனாள நிப்பாட்டுனேன். மீனாள் என் சம்சாரம். முழுப் பேரு அழகுமீனாள். வீடு வீடாப் போயி கும்பிட்டது நான். மைக்கப் புடிச்சது நான். போஸ்டர்ல அவ போட்டோ இம்புட்டு, என் போட்டோ அம்புட்டு. ஆனி மாசம் ஜெயிச்சோம். ஜெயிச்ச பிறகும் ஊர்ல என்னையதான் பிரசிடெண்டுன்னு கூப்பிட்டாய்ங்க. மீனாள 'பிரசிடெண்ட் வீட்டம்மா'ன்னு. அதுல ஒரு கொழப்பமும் இல்லாம வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இப்ப அந்த வெளிநாட்டுக் கதைக்கு வாரேன். மர்டோனியான்னு ஒரு நாடு இருக்குல்ல? இருக்குன்னு வச்சுக்கங்க. குளிரு நாடு. எங்க ஊருப் பசங்க நாப்பத்திரண்டு பேரு அங்க கட்டட வேலையில இருக்காய்ங்க. மர்டோனியான்னு எங்க ஊர்ல யாருக்கும் வாயில வராது. மருதாணின்னுதான் சொல்லுவோம். 'எம்மகன் மருதாணில இருக்கான்', 'மருதாணிலேர்ந்து போன் வந்துச்சா?' இப்படித்தான். வெளியூர்க்காரன் கேட்டா என்னமோ கல்யாண வீட்டுப் பேச்சுன்னு நினைப்பான்.

அந்த மருதாணியில போன பொரட்டாசியில தேர்தல் முடிஞ்சு புதுசா ஒரு அம்மா ஜெயிச்சுருச்சு. இல்சாவோ என்னமோ பேரு. பேப்பர்ல 'அதிபர்'னு போட்டிருந்தான். அத ஞாபகத்துல வச்சுக்கங்க சார், அதிபர்னுதான் போட்டிருந்தான். எங்க ஊர்ல அதிபரும் கிடையாது ஒன்னும் கிடையாது, மருதாணி அம்மா. அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து எங்க ஊர்ல வேற பேச்சே இல்ல.

சலூன் வச்சிருக்க செல்லத்துரை ரேஷன் கடை வரிசையில நின்னுக்கிட்டே பேப்பர்ல போட்டோவப் பாத்துட்டு சொல்றான், "அண்ணே, முடிய எம்புட்டு ஒட்ட வெட்டியிருக்கு பாத்தீங்களா? கண்ணாடி முன்னாடி நேரத்தப் போக்காத ஆளு. வேலை நடக்கும்"கிறான். அவனுக்கு உலகமே முடிதான். இன்னொருத்தர், அந்தம்மா போட்டிருந்த மூக்குக் கண்ணாடியப் பாத்துட்டு, "கண்டிப்பான அம்மா, எங்க கணக்கு டீச்சர் இப்படித்தான் இருக்கும், மூணு வருசம் என்னைய ஒரே கிளாஸ்ல வச்சுருந்துச்சு"ங்கிறாரு. யாரோ வாசிச்சுட்டு, அந்தம்மா இடதுசாரியாம்னான். அதுக்கு வரிசையில நின்ன ஒரு பெரிய மனுசன், "அவுக எந்தக் கையில சாப்புட்டா நமக்கென்னப்பா? நம்ம பயலுகளுக்கு வேலை இருக்கா இல்லையா, அதச் சொல்லு"ன்னாரு. நானும் அந்த வரிசையில நின்னு கேட்டது சார் இது.

அங்கதான் மரியபுஷ்பமும் நின்னுச்சு. ரெண்டு மகனையும் மருதாணிக்கு அனுப்பிட்டுத் தனியா இருக்க பொம்பள. அது ஒன்னே ஒன்னுதான் கேட்டுச்சு. "அந்தம்மா புள்ள பெத்தவளா இல்லையா?"

பெத்திருக்காம், ரெண்டு பொண்ணாம்னு எவனோ சொன்னான். "அப்ப சரி"ன்னு மண்ணெண்ணெய் கேனத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு.

எல்லாரும் பேசி முடிச்ச பிறகு என்னையப் பாத்தாய்ங்க. பிரசிடெண்ட் என்ன சொல்றீகன்னு. நான் சொன்னேன், "ஏன்யா, அந்தம்மாவப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்களே, அது வீட்டுக்காரரு யாருன்னு பாத்தீங்களா? அவரு எப்படி, அதச் சொல்லுங்க. அவரப் புடிச்சா காரியம் நடக்கும்." அனுபவத்துல சொன்னது சார்.

செல்லத்துரை போன்ல தேடிப் பாத்துட்டுச் சொன்னான். அந்த மனுசன் ஒரு பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாராம். பொண்டாட்டி நாட்டையே ஆளப்போகுது, இவரு மறுநாள் காலைல சைக்கிள மிதிச்சுக்கிட்டுப் பாடம் நடத்தப் போயிட்டாராம். போட்டோவே போட்டிருக்கான். ஹேண்டில்பார்ல சாப்பாட்டுப் பை தொங்குது. எனக்கு மனசே ஆறல. ஏதோ குடும்பத் தகராறுன்னுதான் நினைச்சேன். பாவம், நல்ல மனுசன் மாதிரி இருந்தாரு.

இதுக்கு நடுவுல ஒரு வதந்தி கெளம்புச்சு. டிவில ஒரு வரி ஓடுச்சாம், 'வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வீடு, புதிய அதிபர் அறிவிப்பு'ன்னு. பாதிப் பேரு அதப் பாக்கல, பாத்தவன் சொல்லிக் கேட்டாய்ங்க. கேட்டவன் இன்னொருத்தன்ட்ட சொன்னான். எங்க ஊரு கடைசித் தெருவுக்குப் போயிச் சேரும்போது அது 'தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்புறாங்க'ன்னு ஆயிருச்சு. வீடு குடுக்குறதுக்கும் வீட்டுக்கு அனுப்புறதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க. ஆனா காதுல விழும்போது ஒன்னுதான். நாப்பத்திரண்டு வீட்டுலயும் ஒல கொதிக்கல. மேலத்தெரு வீடுங்குது, கீழத்தெரு வீட்டுக்குங்குது. மரியபுஷ்பம் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "ஏம்புள்ளைகளத் திருப்பி அனுப்பிருவாகளா?"ன்னு கேக்குது. நான் அதட்டி அனுப்புனேன், "நான் இருக்கேன்ல, போ ஆத்தா"ன்னு. நான் இருந்து மருதாணில என்ன கிழிக்கப் போறேன்னு அது கேக்கல. மரியாதை தெரிஞ்ச பொம்பள.

இந்த நேரத்துலதான் டிவிக்காரப் பொண்ணு வந்துச்சு. ரஞ்சனின்னு பேரு. காமிராவத் தூக்கிக்கிட்டு ஒரு ஆளு. மருதாணியில இத்தன பேரு வேலை பாக்குற ஊராச்சே, மக்கள்ட்ட கருத்துக் கேட்டுப் போடலாம்னு வந்திருக்கு. ஊருக்குள்ள நொழஞ்சதும் யாரப் பாக்கணும்? பிரசிடெண்டத்தான் பாக்கணும்னு எங்க வீட்டக் காட்டி விட்டுட்டாய்ங்க. காமிராவப் பாத்ததும் நான் உள்ள ஓடிப்போயி கஞ்சி போட்ட சட்டை மாட்டி, தலை சீவி வந்து நின்னேன். மீனாள் மத்தியானமே ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்தா.

அந்தப் பொண்ணு மைக்க நீட்டிக் கேட்டுச்சு. இதத்தான் சார் நீங்க கவனமாக் கேக்கணும். "ஐயா, புதுசா ஜெயிச்சு வந்திருக்கிற பிரசிடெண்ட் மேடம் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. அதிபர்னா கேட்டுச்சு? பிரசிடெண்ட் மேடம்னு கேட்டா நான் யார நினைப்பேன்? எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, புதுசா ஜெயிச்ச பிரசிடெண்ட் மேடம்னா அது எங்க வீட்டு மேடம்தானே? அது அந்தப் பொண்ணு மேல தப்பா, என் மேல தப்பா?

நான் நெஞ்ச நிமித்திச் சொன்னேன், "ஜெயிச்சது அந்தம்மா. ஜெயிக்க வச்சது நான்."

அந்தப் பொண்ணுக்குக் கண்ணு விரிஞ்சுபோச்சு. "அப்படியா? அவங்க ஆட்சி எப்படி இருக்கும்னு எதிர்பாக்குறீங்க?"

"ஆட்சியெல்லாம் நான் பாத்துக்கிருவேன். எங்க கையெழுத்துப் போடணும்னு நான் விரல வச்சுக் காட்டுவேன், அந்தம்மா போட்டுருவாங்க."

"வெளியிலேர்ந்து வந்து வேலை பாக்குறவங்க விசயத்துல அவங்க என்ன முடிவெடுப்பாங்க?"

நான் தேங்கா வெட்ட வர்ற வெளியூர் ஆளுகளக் கேக்குதுன்னு நினைச்சேன். "அந்தம்மா முடிவெல்லாம் எடுக்காதும்மா. இன்னைக்கு என்ன கொழம்புங்கிறதுதான் அவுக முடிவு. அதுலயும் நான் ஒரு வார்த்தை சொல்லுவேன்."

காமிராக்காரன் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். வெயிலுன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு ஒதட்டக் கடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு, "எவ்வளவு காலமா அவங்களக் கவனிச்சுட்டு வர்றீங்க?"

"இருபத்தேழு வருசமா. அவுக அப்பாதான் எங்க வீட்டுக்கு நடையா நடந்து கட்டி வச்சாரு."

அவ்வளவுதான். ரொம்ப நன்றின்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் காருக்குள்ள போயிக் கதவ மூடிக்கிட்டாய்ங்க. காரு கொஞ்ச நேரம் நின்ன எடத்துலயே குலுங்குச்சு. வண்டி ரிப்பேர்னு நினைச்சு நான் தள்ளிவிடுற ஆளு வேற தேடுனேன்.

சாயங்காலம் போட்டுட்டாய்ங்க. அந்தப் பக்கம் வெள்ளக்காரம்மா, இந்தப் பக்கம் நான். கீழ எழுத்து ஓடுது, 'மர்டோனியா அதிபருக்கு விரல் வைத்துக் காட்டும் புதுக்கோட்டைக்காரர்'. அந்தம்மா படிக்கட்டுல எறங்கும்போது சரியா நான் சொல்றேன், 'அந்தம்மா போட்டுருவாங்க'. அந்தம்மா ஒரு புள்ளையத் தூக்கிக் கொஞ்சும்போது நான் சொல்றேன், 'அவுக அப்பாதான் கட்டி வச்சாரு'. நாப்பத்திரண்டு பயலும் மருதாணிலேர்ந்து போன் போடுறான். ஒருத்தன், "அண்ணே, அண்ணிகிட்ட சொல்லி எங்களுக்கு சம்பளம் ஏத்தச் சொல்லுங்க"ங்கிறான். மத்தத நான் சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும். உங்க போனுக்கே வந்திருக்குன்னா பாத்துக்கங்க.

எனக்கு மீனாள நினைச்சுத்தான் கொஞ்சம் பயம். ரேஷன் கடையில பொம்பளைக எல்லாம் சேந்து போன்ல பாத்திருக்காளுக. அவ மூணு தடவை பாத்தாளாம். வீட்டுக்கு வந்து அரிசிய எறக்கி வச்சா. என்னைய ஒரு நிமிசம் பாத்தா. "சட்டை நல்லாருந்துச்சு"ன்னா.

எனக்கு உசுரு வந்துச்சு சார். கோவமில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

மறுநாள் காலைல வழக்கம்போல கிளார்க்கு குடுத்த பேப்பர எடுத்தாந்து தையல் மிஷின் மேல வச்சேன். பேனா மூடியத் தொறந்து கையில குடுத்தேன். கையெழுத்துப் போடுற எடத்துல விரல வச்சேன். மூணு மாசமா அப்படித்தான், அவ எந்திரிச்சு வந்து போட்டுட்டு அடுப்புக்குப் போயிருவா. அன்னைக்குப் போடல. மிஷின் டிராயரத் தொறந்து கண்ணாடிய எடுத்துத் தொடச்சு மாட்டுனா. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. உக்காந்துட்டு என்ன சொன்னா தெரியுமா?

"கைய எடுங்க. எழுத்து மறைக்குது."

சத்தமாச் சொல்லல. கோவமாவும் சொல்லல. ஊசி கோக்கும்போது வெளிச்சத்த மறைச்சா சொல்லுவாள்ல, அப்படிச் சொன்னா. நான் கைய எடுத்துட்டேன்.

ஒவ்வொரு வரியாப் படிக்கிறா. அவ பத்தாங்கிளாஸ் பாஸ் சார். நான் ஏழாவது. அதனால எனக்கு அதுல ஒன்னும் குறையில்ல, அனுபவம்னு ஒன்னு இருக்குல்ல? படிச்சு முடிச்சுட்டுக் கேட்டா, "மேலக்காட்டுக்கு சிமெண்டு ரோடுன்னு போட்டிருக்கு. மேலக்காட்டுல யாரு வீடு இருக்கு?"

"இப்ப இல்ல. வருங்காலத்துல மக்கள் குடியேறலாம்."

"நம்ம தென்னந்தோப்புத்தானே இருக்கு?"

"தோப்பும் இருக்கு."

"கீழத்தெருவுல பைப்புல தண்ணி வந்து பதினெட்டு நாளாச்சு"ன்னா. பேப்பர மடிச்சு டிராயருக்குள்ள வச்சு மூடிட்டா. அந்தப் பேப்பரு இன்னமும் அங்கதான் கெடக்கு.

ஏதோ ஒரு நாள் கோவம், தணிஞ்சுரும்னு நினைச்சேன். பத்து மணிக்குப் பாத்தா சேலை மாத்திக்கிட்டு ஆபீசுக்குக் கெளம்புறா. நானும் பின்னாடியே போனேன். தனியா விட முடியுமா, அவளுக்கு என்ன தெரியும்? ஆபீஸ் நாற்காலியில எப்பவும் என் துண்டு கெடக்கும். அத எடுத்து, ஒரு உதறு உதறி, நாலா மடிச்சு என் கையில குடுத்துட்டு உக்காந்துட்டா. கிளார்க்கு இருக்கானே, பத்து வருசமா என்னையப் பாத்தா எந்திரிச்சு நிக்கிறவன், அவன் அவளப் பாத்து எந்திரிச்சான். என்னையப் பாத்து, "அண்ணே, ஒரு ஸ்டூல் போடட்டா?"ங்கிறான். அண்ணேயாம்! பிரசிடெண்டு போயி அண்ணன் ஆனது ஒரே நாள்ல சார். நான் ஸ்டூல்ல உக்காந்தேன். மேற்பார்வைக்கு ஸ்டூல்தான் நல்லது, சுத்தி எல்லாம் தெரியும்.

சாயங்காலம் கீழத்தெருவுல தண்ணி வந்துருச்சு. மோட்டார்ல ஒரு வால்வுதான் கோளாறாம். அத நானே சொல்லியிருப்பேன், யாரும் என்னையக் கேக்கல.

காந்தி ஜெயந்தி அன்னைக்குக் கிராம சபைக் கூட்டம். ஊரே வந்துருச்சு. நாப்பத்திரண்டு வீட்டுலேர்ந்தும் பொம்பளைக முன்னாடி உக்காந்திருக்காளுக. வீடா, வீட்டுக்கா? அதுதான் கேள்வி. நான் வழக்கம்போல மைக்க எடுத்தேன். "அன்பார்ந்த தாய்மார்களே, மருதாணி நாட்டுப் புதிய தலைமையைப் பொறுத்தவரை என்னுடைய கருத்து என்னவென்றால்..."னு ஆரம்பிச்சேன். ஊரு கொல்லுன்னு சிரிச்சுருச்சு. எவனோ பின்னாடிலேர்ந்து, "அண்ணே, விரல வைங்க!"ங்கிறான்.

மீனாள் என் பக்கம் திரும்பி, "உக்காருங்க"ன்னா.

மைக்கு ஆன்ல இருந்துச்சு சார். ஊரு முழுக்கக் கேட்டுச்சு. நான் உக்காந்தேன். பயந்துக்கிட்டு உக்காரல, கூட்டத்துல ஒரு ஒழுங்கு வேணும்ல, அதுக்காக உக்காந்தேன்.

அவ என்ன பண்ணுனா, பேசவே இல்ல. மரியபுஷ்பத்தக் கூப்பிட்டு, "அக்கா, உங்க பெரியவன் நம்பரப் போடுங்க"ன்னா. போட்டுச்சு. போன ஸ்பீக்கர்ல வச்சு மைக்குகிட்ட புடிச்சா. மருதாணில அப்பத்தான் விடிஞ்சு கொஞ்ச நேரம் போல. அந்தப் பய எடுத்தான். "அருளு, நான் அழகுமீனாள் பேசுறேன். அந்தம்மா உங்களப் பத்தி என்ன சொல்லுச்சு? வீடு தருதா, வீட்டுக்கு அனுப்புதா?"

இம்புட்டுத்தான் சார். இந்த ஒரு கேள்விய ஊரே கூடிப் பேசுச்சு, நானும் பேசுனேன், அங்க இருக்கவன்ட்ட யாரும் கேக்கல பாருங்க.

அவன் சிரிச்சான். "வீடு தர்றதா சொல்லியிருக்காங்க அத்தை. இனிமே ஒரு ரூம்புக்கு மூணு பேருக்கு மேல வைக்கக்கூடாதாம். இப்ப பத்துப் பேரு இருக்கோம்ல, அத மாத்தணும்னு."

சனங்க கைதட்டுச்சு. மேலத்தெருக்காரன் ஜெயிச்ச மாதிரி விசில் அடிக்கிறான். மரியபுஷ்பம் மட்டும் கைதட்டல. போனுக்குக் கிட்டப் போயி கேட்டுச்சு, "பத்துப் பேரு ஒரு ரூம்புலயாடா இருக்க?"

"நீ சாப்புட்டியாம்மா?"ன்னு அவன் பேச்ச மாத்துனான்.

"தனி ரூம்பு, ஜன்னல் இருக்கு, ஜன்னல்ல மரம் தெரியுதுன்னு சொன்னியேடா?"

"அது... பக்கத்துக் கட்டடம்மா" அப்படின்னான். கைதட்டுன கையெல்லாம் அப்படியே நின்னு போச்சு சார். எந்தத் தாய்க்கும் அது தெரியாது. எல்லாப் பயலும் மரம் தெரியுதுன்னுதான் சொல்லியிருக்கான். எங்களுக்குப் புள்ள இல்ல, அத விடுங்க. ஆனா ஊருப் புள்ளைக எல்லாம் என் தோள்ல ஏறி வளந்ததுக.

மீனாள் கண்ணத் தொடச்சுக்கிட்டு மைக்குல சொன்னா, "அந்தம்மாவுக்கு நாம ஒரு கடுதாசி எழுதுவோம்."

கிளார்க்கு பதறுறான், "அக்கா, வெளிநாட்டுக்கெல்லாம் கிராம சபையில தீர்மானம் போட முடியாது, ரூல்ஸ் இல்ல."

"தீர்மானம் வேணாம். புதுசா ஜெயிச்சவுகளுக்கு வாழ்த்துச் சொல்ல ரூல்ஸ் வேணுமா?"ன்னா. அவன் உக்காந்துட்டான். அவனும் ஒழுங்குக்காகத்தான் உக்காந்திருப்பான்.

ஹைஸ்கூல் இங்கிலீஷ் டீச்சர அங்கயே உக்கார வச்சு எழுதச் சொன்னா. இவ தமிழ்ல சொல்லச் சொல்ல, அவரு இங்கிலீஷ்ல போட்டாரு. எனக்கு மனப்பாடம். 'புதுசா ஜெயிச்சதுக்கு வாழ்த்துகள். நானும் புதுசாத்தான் ஜெயிச்சேன். எங்க ஊருப் புள்ளைக நாப்பத்திரண்டு பேரு உங்க ஊர்ல கட்டடம் கட்டுறாங்க. அவங்களுக்கு வீடு தர்றதாச் சொன்னீங்க. சீக்கிரம் தாங்க. ஜன்னல் இருக்கட்டும். ஜன்னலுக்கு வெளிய ஒரு மரம் இருந்தா நல்லது.' கேக்கவே எப்படி இருக்கு பாருங்க. நான்னா நாலு பக்கத்துக்கு எழுதியிருப்பேன், அந்த ஒரு மரத்த எழுதியிருக்க மாட்டேன்.

முடிக்கப் போகும்போது நான் உக்காந்த எடத்துலேர்ந்து மெதுவா சொன்னேன், "அவுக வீட்டுக்காரரையும் விசாரிச்சதா ஒரு வரி போடச் சொல்லு. சைக்கிள்ல பாத்துப் போகச் சொல்லு." ஒரே உத்தியோகத்துல இருக்கவங்க, ஒரு அனுதாபம் இருக்குமில்ல? மீனாள் என்னையப் பாத்தா. அந்த வீடியோவுக்குப் பிறகு அன்னைக்குத்தான் சார் என்னையப் பாத்துச் சிரிச்சா. "போடுங்க டீச்சர்"ன்னா.

கடுதாசியில எல்லாத் தாய்மாரும் கையெழுத்துப் போட்டாளுக. அடியில மீனாள். எங்க போடணும்னு யாரும் காட்டல. சரியான எடத்துலதான் போட்டா.

அதுக்கப்புறம் எல்லாம் பழையபடிதான். நிர்வாகம் முழுக்க நான்தான். காலைல அவள வண்டியில கொண்டுபோயி ஆபீஸ்ல விடுறது யாரு? நான். மத்தியானம் சாப்பாடு கொண்டு போறது? நான். மனு குடுக்க வர்றவங்கள வரிசையில நிக்க வைக்கிறது? நான். நான் இல்லேன்னா ஒரு நாள் ஓடாது. இப்பக்கூடப் பாருங்க, திருச்சியில பெண் தலைவர்களுக்கு அஞ்சு நாள் பயிற்சின்னு போயிருக்கா. வீட்டுக்காரங்க யாரும் கூட வரக்கூடாதுன்னு அதிகாரி கண்டிசனாச் சொல்லிட்டாரு. என்னைய மாதிரி ஆளுக போனா பயிற்சி குடுக்குறவருக்கே சங்கடமா இருக்கும்ல, நமக்குத்தான் எல்லாம் தெரியுமே, அதான்.

அப்ப எதுக்குப் போறேங்கிறீங்களா? நேத்து ஒரு தபால் வந்துச்சு சார். எங்க போஸ்ட்மேன் ஒருத்தர்தான் இன்னமும் என்னைய பிரசிடெண்டுன்னு கூப்பிடுறாரு. சைக்கிள நிறுத்தி, "பிரசிடெண்டு, உங்களுக்கு வெளிநாட்டுத் தபால்"னு கையில குடுத்துட்டுப் போனாரு. இந்தா, பாருங்க. பைக்குள்ள ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கேன். ஸ்டாம்பப் பாத்தீங்களா? மருதாணியேதான். மேல இங்கிலீஷ்ல போட்டிருக்கு, தி பிரசிடெண்ட், புளியங்கண்மாய். நாப்பத்திரண்டு வீட்டுலயும் சேதி பரவி, வாசல்ல வந்து நின்னுட்டாளுக. மரியபுஷ்பம் கவரத் தொட்டுப் பாத்துட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போச்சு. வீடு சரின்னு வந்திருக்கோ, இல்ல சும்மா நன்றின்னு வந்திருக்கோ, தெரியல. மீனாள் வர இன்னும் மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் அந்தத் தாய்மாரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அதான் காலைலயே பஸ் ஏறிட்டேன்.

வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தேன், ஒன்னும் தெரியல. கெட்டிக் காகிதம்.

என்னது? ஓரத்துல கோந்து விட்டிருக்கா? ஆமா, விட்டுத்தான் இருக்கு. மெதுவா நெம்புனா வந்துரும்தான்.

அட, நீங்க வேற சார்! இங்க குடுங்க அத. பிரசிடெண்டுக்கு வந்த தபால நான் எப்படிப் பிரிக்க முடியும்?

ஏன் சார் சிரிக்கிறீங்க? நான் இப்ப என்ன சொல்லிட்டேன்?